நோ டியூ மேடம்

நூலக அறிவியல் படிப்பில், பல்வகை நூலகங்களில் தொகுப்பு மேலாண்மை என்று ஒரு தாள் இருந்தது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். எந்த நூலகத்துக்கு எதை வாங்க வேண்டும், எதை எப்போது கழிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தேன். அதைத் திருத்திய புண்ணியவான் இன்று என்னை நேரில் பார்த்தால், போட்ட மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்பார்.

விஷயம் இதுதான்: ஒரு நூலகத்தில் கற்ற பாடத்தை அடுத்த நூலகத்தில் கொண்டுபோய் ஒப்பிப்பதே என் வழக்கம். தண்டலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தபோது கண்ணாடி பீரோ, பூட்டு, இடுப்பில் சாவிக்கொத்து என்று இருந்தேன். ஆய்வுக்குழு வந்து, மடங்காத பக்கங்களைப் பார்த்து மெச்சிவிட்டுப் போகும். பிறகு ஒரு கிராமத்து நூலகத்தில் பகுதி நேர வேலை கிடைத்தது. அங்கே போய் வாரப் பத்திரிகைகளைக்கூடப் பூட்டி வைத்தேன். வாசகர்கள் எல்லோரும் எதிரே இருந்த டீக்கடைக்குக் குடிபெயர்ந்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் என்னை எங்கே பார்த்தாலும் கும்பிடுவார். சரி, பூட்டுதான் தப்பு என்று திறந்துவிட்டேன். போட்டித் தேர்வு கைடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தச் சூட்டோடுதான் ஒரகடத்துக்கு வந்தேன். கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதி அது. முக்கால்வாசிப் பேர் தெற்கத்திப் பெண்கள், செல்போன் பாகம் பூட்டும் லைனில் மூன்று ஷிப்டிலும் வேலை. கம்பெனியின் நலநிதியில் கீழ்த்தளத்தில் ஒரு நூலக அறை திறந்திருந்தார்கள். படுக்கும் அறைகளில் எந்த நேரமும் யாராவது நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே விளக்குப் போட முடியாது, வாய்விட்டுப் பேச முடியாது. குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறவளுக்கும், சிரிக்க வேண்டும் என்று தோன்றுகிறவளுக்கும் இந்த ஓர் அறைதான் கதி.

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்கள்தானே என்று நான் முதலில் வாங்கிப் போட்டது எலக்ட்ரானிக்ஸ் பாடப்புத்தகங்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த இசக்கிசெல்வி ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"யக்கா, எட்டு மணி நேரம் இதத்தான பாத்துட்டு வாரோம். இங்கயும் இதயா படிக்கணும்?"

நாவல், தேர்வு கைடு, ஆரி வேலை, கோலம் என்று மாற்றி வாங்கினேன். அலமாரி மளமளவென்று காலியானது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கிராமத்தில் பட்ட சூடு ஆறவில்லையே. கல்லூரியில் மாணவன் சான்றிதழ் வாங்கிப் போக வேண்டுமானால், நூலகத்தில் பாக்கி இல்லை என்று நோ டியூ கையெழுத்து வாங்க வேண்டும். அதே சட்டத்தை இங்கேயும் போட்டேன். விடுதியைக் காலி செய்கிறவள் என் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. பெண்கள் எனக்கு 'நோ டியூ மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அதைப் பட்டம் கிடைத்த மாதிரி வீட்டில் வேறு சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம், சிங்கப்பெருமாள் கோவிலில் என் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது விடுதி வாட்ச்மேன் போன் செய்தார். "மேடம், இசக்கிசெல்வின்னு ஒரு பொண்ணு ரூமு காலி பண்ணிகினு போவுது. உன் கையெழுத்து இல்லாம வுட முடியாதுன்னேன். நின்னு அழுவுது மேடம்."

என் வீட்டுக்காரர் மோகன்ராஜ் பைக்கை எடுத்தார். வழியெல்லாம் அர்ச்சனைதான். "ஒரு கதை புக்குக்காக ஊருக்குப் போற பொண்ண புடிச்சி வச்சிகினு கீறியே, உன்ன இன்னான்னு சொல்றது?"

கேட் ஓரம் ஒரு பையும் பிளாஸ்டிக் பக்கெட்டுமாக இசக்கிசெல்வி நின்றாள். அன்று காலைதான் கான்ட்ராக்ட் முடிந்தது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்.

"புஸ்தகம் செல்லக்கனிட்ட இருக்குக்கா. அவ செகண்ட் ஷிப்ட். அவ வாரதுக்குள்ள ஊருக்குப் போற பஸ் போயிரும். வேணும்னா இந்த பக்கெட்ட வச்சிக்கிடுங்க."

பக்கெட்டை என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பக்கெட்டையும் கையில் திணித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கல்லில் காய்ந்து கிடந்த தோசையை மோகன்ராஜே சுரண்டி எடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

கதை விடுதி முழுக்கப் பரவிவிட்டது. யாருக்கு எந்த நாளில் கான்ட்ராக்ட் முடியும் என்று யாருக்குத் தெரியும்? புத்தகம் எடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று எல்லோரும் கொண்டுவந்து கொட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எண் வரிசைப்படி அடுக்கி, தூசி தட்டி, தள்ளி நின்று அழகு பார்த்தேன். புத்தி அப்படி.

விடுதி மேனேஜர் வெங்கடேசனும் வந்து பார்த்தார். "சூப்பரா கீது மேடம். ஆனா ஒரு புக்கு கூட யாரும் தொடல போல கீதே? புது பேட்ச் வருது, படுக்க எடம் இல்ல. இங்க டபுள் கட்டில் போட்றலாம். மாசக் கடைசில கம்பெனிலேர்ந்து பெரிய சார் வந்து பாத்து ஓகே பண்ணிடுவாரு."

கல்லூரியில் என்னைத் தூக்கி வைத்த அதே அலமாரி இங்கே காலை வாரிவிட்டது. என் வேலை போவது இருக்கட்டும். இந்த அறையும் போனால் அந்தப் பெண்கள் எங்கே போய் உட்காருவார்கள்?

நோ டியூ சட்டத்தை ரத்து செய்தேன். ஒருத்தியும் நம்பவில்லை. கெஞ்சிக் கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் இசக்கிசெல்வியின் நாவலைத் திருப்பித் தர வந்த செல்லக்கனியிடம், "நீயே வச்சுக்கோ. முடிச்சதும் யாருக்காவது கொடு, என்கிட்ட கொண்டுவராதே" என்றேன். அவள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அதன்பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் கேன் பக்கத்தில் கொஞ்சம், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெஞ்சில் கொஞ்சம் என்று புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தேன். எதையும் பதியவில்லை, யார் எடுத்தார்கள் என்று பார்க்கவும் இல்லை. படித்த படிப்புக்கு நான் செய்த துரோகம் அவ்வளவும் பலித்தது. தலையணைக்கு அடியிலும் டிபன் பையிலுமாகப் புத்தகங்கள் மறைந்துபோயின.

மாதக் கடைசியில் பெரிய சார் வந்தார். அலமாரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடப்புத்தகங்கள் மட்டும் நின்றன. தரையில் வட்டமாக உட்கார்ந்து ஏதோ கேள்வி பதில் ஒப்பித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து ஒதுங்கினார்கள்.

"மத்த புக்ஸ் எல்லாம் எங்கம்மா?" என்றார்.

"தெரியாது சார்."

ஒரு நூலகர் சொல்லக் கூடாத வார்த்தை அதுதான். சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

"இன்னா மேடம், லைப்ரேரியனே இப்டி சொன்னா எப்டி?" என்று வெங்கடேசன் பதறினார்.

பெரிய சார் பதறவில்லை. "இதெல்லாம் வெல்ஃபேர் ஃபண்ட்ல வாங்கின புக்ஸ். ஆடிட்ல கேப்பாங்க. கடைசி புக் வரைக்கும் திரும்பி வந்து சரிபார்த்த பிறகு கட்டில் போடுங்க. அதுவரைக்கும் ரூம் இப்படியே இருக்கட்டும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் திரும்ப வாங்கற பொறுப்பு உங்களோடது."

"சரி சார்" என்றேன்.

நேற்று ஒரு பெண் ஷிப்ட் முடிந்த கையோடு ஒரு நாவலைக் கொண்டுவந்து, படித்துவிட்டதாகச் சொல்லி என் மேஜைமேல் வைத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன், வெங்கடேசன் இல்லை. அதை அவள் பைக்குள் திரும்பத் திணித்து, இன்னொரு முறை படி என்று அனுப்பிவைத்தேன்.