நல்லையா கட்டிய கம்பி

என் தங்கை புருஷன் நல்லையாவோடு வாதாடி யாரும் வென்றதில்லை. காரணம், அவர் வாதாடுவதே இல்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், "சரிங்க மச்சான்" என்பார், பிறகு தான் நினைத்ததையே செய்வார். தேயிலைத் தோட்ட ஆபீஸில் கிளாக்கராக இருந்தபோது ஐந்து துரைமாரைச் சமாளித்தவன் நான். இந்த ஒரு மனிதரைச் சமாளிக்க இன்றுவரை முடியவில்லை.

பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் 1974 முதல் 1996 வரை கொழுந்துக் கம்பி அவர் பொறுப்பில் இருந்தது. மேல்மலையிலிருந்து கீழ் ரோட்டுக்கு இறுக்கிக் கட்டிய இரும்புக் கயிறு அது. கொழுந்து மூட்டையைக் கப்பியில் கொளுவி விட்டால் பள்ளத்தைத் தாண்டிப் பறந்து போய், கீழே தூணில் கட்டிய டயரில் மோதி நிற்கும். கம்பி தொய்ந்தால் மூட்டை பாதியில் தொங்கிவிடும். அதை மீட்க ஒருவன் பள்ளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டே போக வேண்டும். நல்லையாவின் கம்பியில் ஒரு மூட்டையும் அப்படி நின்றதில்லை. இதை அவர் சொல்லாத நாளும் இல்லை. லொறிப் பாதை வந்ததும் கம்பியை அவிழ்த்துவிட்டார்கள். அவர் ஃபேக்டரியில் வாச்சராக இருந்து ஓய்வு பெற்றார்.

இப்போது இருவரும் புது வீடுகளில் இருக்கிறோம். மலைச்சரிவு என்பதால் அவர் வீடு மேலே, என் வீடு மண் சரியாமல் அவர் கட்டிய கல்கட்டுக்கு நேர் கீழே. என் தங்கை போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர்களுடைய ஒரே மகள் தயானிக்குக் கொழும்புப் பக்கம் தையல் ஃபேக்டரியில் வேலை, அவள் புருஷன் கட்டாரில். ஒன்பது வயது தர்ஷிகாவும் ஆறு வயது நிஷாந்தும் நல்லையாவிடம்தான் வளர்கிறார்கள்.

போன ஐப்பசி மழையில் நிஷாந்துக்குக் காய்ச்சல் கண்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். "சரிங்க மச்சான்" என்றார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் நானே த்ரீவீலர் பிடித்துப் பையனைத் தூக்கிக்கொண்டு போனேன். டெங்கு. நல்ல காலம், தப்பிவிட்டான். ஓடி வந்த தயானி வார்டில் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டிசம்பர் லீவில் வந்து பிள்ளைகளை ஒரேயடியாக அழைத்துப் போகப்போவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தங்கியிருப்பது ஒற்றை ஜன்னல் வைத்த போர்டிங் அறை. அங்கே எப்படிப் பிள்ளைகளை வைத்துக்கொள்வாள் என்று கேட்டேன். "உயிரோட இருப்பாங்க மாமா" என்றாள்.

இதை நல்லையாவிடம் சொன்னேன். வேறு மனிதராக இருந்தால் மகளுக்கு ஃபோன் எடுத்து, தப்புத்தான், மன்னித்துக்கொள் என்றிருப்பார். இவர் ஜிப் லைன் கட்டப் புறப்பட்டார்.

எல்ல ஊர்ப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் கம்பியில் பறப்பதைப் பிள்ளைகள் ஃபோனில் பார்த்துவிட்டு ஆசைப்பட்டிருக்கிறார்கள். அதைக் கட்டிக் கொடுத்தால் இந்த வீட்டை விட்டு அசையமாட்டார்கள், அவர்கள் அழுதால் தயானி மனம் மாறுவாள் என்பது அவர் கணக்கு. பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்க்கத் தெரியாதவர் என்று மகள் முடிவு கட்டியதற்கு இதுவா பதில் என்று கேட்டேன். சரிங்க என்றார்.

பதுளையில் ஷுக்ரியின் இரும்புக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். கம்பி எதற்கு என்று ஷுக்ரி கேட்டதும், வெட்கமில்லாமல், கொழுந்து இறக்க என்றார்.

"எந்தத் தோட்டத்துல அண்ணே இந்தக் காலத்துல கம்பியில கொழுந்து எறக்குறாங்க?" ஷுக்ரி சிரிக்கவில்லை. "புள்ளைங்க தொங்குறதுக்குத்தானே? அப்ப நான் தாறதத்தான் எடுக்கணும்."

அவர் தடித்த இரும்புக் கயிறு கொடுத்தார். ஒவ்வொரு நுனிக்கும் மூன்று கிளிப் போடவேண்டும், குறைத்தால் கம்பியைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்றார். அதை மட்டும் நல்லையா கேட்டார். இரும்பு விற்கிறவன் சொன்னால் கேட்பார், மச்சான் சொன்னால் கேட்கமாட்டார்.

மேல் நுனி பலா மரத்தில், கீழ் நுனி கொங்கிரீட் போட்டு நட்ட இரும்புத் தூணில், அதில் பழையபடி ஒரு டயர். நீளம் அறுபத்திரண்டு அடி, இறக்கம் ஐந்தரை அடி. இரண்டையும் நான்தான் அளந்தேன். தூணுக்கு மூன்றடி அப்பால் கல்கட்டு, அதற்குக் கீழே நான் சமைக்கும் குசினியின் கூரை. கட்டுவதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கம்பியைத் தட்டினால் வீணைத் தந்தி மாதிரி ஒலித்தது. அத்தனை இறுக்கம். நடுவில் தொய்வு விட்டால்தான் பிள்ளை வேகம் குறைந்து தானாக நிற்கும் என்று படம் போட்டே காட்டினேன்.

"தொய்ஞ்ச கம்பியக் கட்டுனா பாக்குறவன் என்னத்தச் சொல்லுவான் மச்சான்?"

பார்க்கிறவன் நான் ஒருவன்தான், நான்தான் தொய்வு விடச் சொல்கிறேன் என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை. உரப்பையில் இருபத்தைந்து கிலோ மண்ணை நிரப்பிக் கொளுவி விட்டார். அது பறந்து போய் டயரில் மோதியதில் என் குசினித் தகரம் அதிர்ந்தது.

"பாத்தீங்களா? ஒரு பொட்டு மண்ணு சிந்தல."

கப்பியைக் கழற்றி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மகள் வந்து பார்க்கட்டும், அதுவரை யாரும் ஏறக்கூடாது என்றேன். தர்ஷிகா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

லீவு கிடைத்து ஒரு சனிக்கிழமை காலை தயானி வந்தாள். பையை இறக்குமுன்பே பிள்ளைகள் அவளைக் கொல்லைக்கு இழுத்துப் போனார்கள். மேலும் கீழும் நடந்து பார்த்தாள். என்னிடம் கப்பியை வாங்கி அதே மண் மூட்டையைக் கொளுவச் சொன்னாள். அடுப்படியில் விறகுக்குக் கிடந்த தேயிலை மிலாறில் இரண்டு குச்சிகளை எடுத்து வந்து, மூட்டையின் முன்பக்கம் நீட்டினாற்போல் கட்டினாள்.

"என்ன தாயி அது?" என்றார் நல்லையா.

"காலுப்பா. மூட்டைக்குக் காலு இல்ல. புள்ளைக்கு இருக்கு."

விட்டாள். இரண்டு குச்சிகளும் டயரில் பட்டுப் படீரென முறிந்தன. நிஷாந்த் கைதட்டிச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

நல்லையா முறிந்த துண்டைப் பார்த்துக்கொண்டே, "நான் கீழ நின்னு புடிச்சிக்குவேன்" என்றார்.

"காய்ச்சலுக்கும் நீங்கதானே பக்கத்துல நின்னீங்க."

இதே சங்கதியை நான் இரண்டு மாதமாக நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். நல்லையா உள்ளே போனார். கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார் என்றே நினைத்தேன். ஸ்பேனரோடு வந்தார்.

"எவ்வளவு விடணும் மச்சான்?"

நாற்பது வருட உறவில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுவே முதல் தடவை. சொன்னேன். கிளிப்புகளைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு விட்டு, மூட்டையை விட்டு விட்டுப் பார்த்தோம். மத்தியானத்துக்குள் மூட்டை நடுவைத் தாண்டி வேகம் குறைந்து, சற்றுப் பின்வாங்கி, டயரைத் தொடாமல் நின்றது. அவருடைய கம்பியில் பாதி வழியில் தொங்கிய முதல் மூட்டை. சந்தையில் வேட்டி அவிழ்ந்தவர் மாதிரி நின்றார். கிளிப்புகளை மறுபடி முறுக்கி, மூட்டைக்குப் பதில் உட்காரும் பலகையைக் கொளுவியதும் தர்ஷிகா ஏறினாள், போனாள், மெதுவாக ஆடி நின்றாள்.

"பசறை பஸ்ஸே இதவிட வேகமாப் போகும் தாத்தா."

தயானி சிரித்துவிட்டாள். பிள்ளைகள் சலிக்கும்வரை நல்லையாவே தள்ளித் தள்ளி விட்டார்.

சாயங்காலம் அவள் நேராக அப்பாவிடமே பேசினாள். "இந்த ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டும்ப்பா. ஆனா உடம்புக்கு ஏதும்னா மாமாவக் கேளுங்க."

"சரி தாயி."

"சரின்னு சொல்லாதீங்க. கேக்குறேன்னு சொல்லுங்க."

"கேக்குறேன்" என்றார்.

கேட்கிறார். அதுதான் இப்போது என் தலைவலி. பிள்ளை ஒரு இட்லி குறைவாகச் சாப்பிட்டால் கேட்கிறார். முழங்காலில் சிராய்த்தால் கேட்கிறார். நேற்று நான் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது கல்கட்டுக்கு மேலே வந்து நின்றார்.

"மச்சான், நிஷாந்து ரெண்டு தடவ தும்முனான். பதுளைக்குக் கொண்டு போகவா?"

தும்மலுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றேன். போகவில்லை.

"நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சட்டையை மாட்டிக்கொண்டு படியேறினேன்.