கத்தரிப்பூ நிறத்தில் மூன்று ஏக்கர்

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவன் நான். பேனாவைப் பிடித்தால் பஞ்சர் ஒட்டும்போது வராத வலி கையில் வருகிறது. போதாததற்கு, நான் வாயைத் திறந்தாலே ஊரில் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். இதில் சிரிக்கப் பாதி இருக்கிறது. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் இழுத்தடித்தேன்.

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகிற சாலையில் எனக்கு வாடகை சைக்கிள் கடை. கடை வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற தூரத்தில் என் சிநேகிதனுடைய அப்பாவின் கொல்லை. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். மூன்று ஏக்கர் கரிசல். அவர் எனக்கு மாமா முறை. இளவயதில் ஒரு பெரிய வீட்டில் பண்ணையாளாக இருந்து, பிறகு அதே வீட்டு நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு உழுது, கடைசியில் அவர்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய கல்லுக்காட்டைச் சொந்தமாக வாங்கியவர். அந்தக் குடும்பத்தில் சொந்தமாக மண் வைத்திருந்த முதல் ஆள் அவர்தான். அவருக்கு முன்னால் யாருக்கும் ஒரு சாண் கிடையாது.

மாமாவுக்கு ஒரு பழக்கம். கால்சட்டை போட்டவர் யார் வந்து கேட்டாலும் தன் நிலத்தைத் திட்டுவார். நிலவரியான கிஸ்தி வசூலுக்கு வந்தவரிடம் திட்டுவார். கடன் சொசைட்டி ஆளிடம் திட்டுவார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு, ஆனால் மாமா அதில் தேர்ந்தவர். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் புதுத் தானியம் கொண்டுபோய்க் கொட்டும்போதுகூட, "இந்த வருசமும் சுமார்தான் பெருமாளே" என்று முணுமுணுப்பார். நான் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

"மாமா, பெருமாளு என்ன, வரி போடவா வந்திருக்காரு?" என்றேன்.

"வாய மூட்றா. அவரு காதுலயும் நாலு பேரு ஓதுவான்" என்றார்.

ஒரு சித்திரை வெயிலில் திருச்சியிலிருந்து ஜீப் வந்தது. அரியலூரைச் சுற்றி எங்கே வீடு வரலாம், எங்கே ஆலை வரலாம், எது வயலாகவே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து வரைபடம் போடுகிற ஆபீஸ் என்றார்கள். ஒரு இளம் அதிகாரி, அவருடன் படம் வரைகிறவர் ஒருவர். ஜீப் போகாத பாதைக்கு இரண்டு சைக்கிள் கேட்டார்கள். சைக்கிளோடு நானும் போனேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான்.

சித்திரையில் எங்கள் கரிசலைப் பார்க்கிறவர்கள் அழுதுவிடுவார்கள். அறுவடை முடிந்து, கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். புல்கூட இருக்காது. மாமா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். சிநேகிதன் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தான்.

"பெரியவரே, இதுல என்ன சாகுபடி பண்றீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"என்னத்தங்க பண்றது. வெறுங்காடுங்க."

"வருசா வருசம் ஏதாவது வெதைப்பீங்கல்ல?"

"வெதைக்கிறதுங்க. வந்தா வரும், வராட்டி போவும். கூலிக்குக் கட்டலீங்க. எல்லாம் கல்லுங்க. ஏரு பூட்டுனா கொழு ஒடையுது."

சாட்சிக்கு ஒரு கல்லையும் எடுத்து நீட்டினார். எங்கள் கொல்லைகளில் உழும்போது இப்படிக் கிளம்பும். கல்தான், ஆனால் சிப்பி மாதிரி வரிவரியாக இருக்கும். அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இது நெசமாவே சிப்பிங்க! ஒரு காலத்துல இங்கெல்லாம் கடல் இருந்திச்சு. அதான் கீழ பூரா சுண்ணாம்புக் கல்லு."

"அப்ப கட்டுமரம் வாங்க லோன் தருவீங்களா சார்?" என்றேன் நான்.

அவரும் சிரித்தார். நல்ல மனுஷன். சிப்பியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். படம் வரைகிறவரிடம், "தரிசுன்னே போடுங்க, கீழ கல்லு இருக்கு" என்றார். அது என் காதில் விழுந்தது. அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? திட்டு நன்றாகப் பலித்ததில் மாமாவுக்கு ஒரு திருப்திகூட.

அடுத்த கொல்லை ஒரு பெரிய விவசாயி வீட்டுடையது. அவர் மகன் திருச்சியில் காலேஜ் படித்தவன். அவன் கிணற்றுப் பாசனம், கரும்பு, பருத்தி என்று அடுக்கினான். அங்கே கிணறே கிடையாது.

"எங்கண்ணே கெணறு?" என்று பிறகு அவனிடம் கேட்டேன்.

"வெட்டப் போறதையும் சேத்துத்தான்டா சொல்லணும்" என்றான்.

ஐப்பசி மழைக்கு மாமா கொல்லையில் பருத்திக்கு ஊடே மல்லி விதைத்தார்கள். கொத்தமல்லியை நாங்கள் வெறும் மல்லி என்போம். அந்த வருஷம் எப்படி வந்தது என்று கடை வாசலிலிருந்தே சொல்லிவிடலாம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் என் பஞ்சர் பசை வாசனை எனக்கே தெரியாது. மல்லி பூவெடுத்த சமயத்தில்தான் யூனியன் ஆபீஸ் சுவரில் வரைபடம் ஒட்டியிருப்பதாகச் செய்தி வந்தது. நானும் சிநேகிதனும் ஒரே சைக்கிளில் போனோம்.

சுவர் முழுக்க நிறம். மஞ்சள் என்றால் வீடு, பச்சை என்றால் விவசாயம் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. எங்கள் தெரு மஞ்சளில் இருந்தது.

"பாத்தியாடா மாப்ள, எங்க தெருவுக்கு மஞ்சப் பூசி மங்கலமா வச்சிருக்கான்" என்றேன்.

"நம்ம கொல்லை எங்க மச்சான்?"

கோயிலிலிருந்து சாலையைப் பிடித்து, என் கடை இருக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலை நகர்த்தினேன். விரல் போய் நின்ற இடம் பச்சை இல்லை. கத்தரிப்பூ நிறம். அதை ஒட்டி, கிணறே இல்லாத கிணற்றுப் பாசனக் கொல்லை பச்சைப் பசேலென்று இருந்தது.

"நல்ல கலருதான். உங்க வூட்டுச் சேலைக்கு எடுக்கலாம்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கிளார்க்கைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"கத்தரிப்பூ கலருன்னா ஆலை, கல்குவாரி. இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. உழுதுக்கங்க, வெதைச்சுக்கங்க" என்றார் கிளார்க். "நாளைக்குக் கல்லு வெட்ட ஒரு கம்பெனி வந்து கேட்டுச்சுன்னு வைங்க, இது வெவசாய நெலம்னு நீங்க மல்லுக்கட்ட முடியாது. இது ஏற்கெனவே தரிசுன்னு நீங்களே சொல்லிட்டீங்கம்பாங்க."

"நாங்க எப்ப சொன்னோம்?" என்றான் சிநேகிதன்.

நான் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் பெரிய அதிகாரி வந்து விசாரிப்பார், நிலத்துக்காரர் வாயால் சொல்வதைக் கேட்டுப் படத்தை மாற்றினாலும் மாற்றுவார் என்றார் கிளார்க். எழுதிக் கொடுத்தோம். கொடுத்த பிறகுதான் உறைத்தது, சொல்ல வேண்டிய வாய் யாருடையது என்று.

தினமும் என் கடையில் ஒத்திகை நடந்தது. நான் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அதிகாரி ஆனேன். மாமா எதிரே துண்டைக் கையில் பிடித்து நின்றார்.

"பெரியவரே, ஒங்க கொல்லைல என்ன வெளையுது?"

"மல்லிங்க. பருத்திங்க."

"எப்படி வெளையுது?"

"வெளையுதுங்க..." என்று மாமா நல்லபடியாக ஆரம்பிப்பார். பிறகு கண் ரெண்டும் கீழே போகும். "...ஏதோ சுமாரா."

"சுமாருன்னா தூக்கிக் கத்தரிப்பூல போடு!" என்று நான் கத்துவேன். பக்கத்து டீக்கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். சிநேகிதன் மட்டும் சிரிக்க மாட்டான்.

"ஏம்ப்பா, நல்லா வெளையுதுன்னு ஒரு வார்த்தை. அதுக்கென்ன இம்புட்டுப் பாடு?" என்றான் ஒருநாள்.

"ஒனக்கென்னடா தெரியும். வாரத்துக்கு ஓட்டுனப்ப ஒரே ஒரு தரம் சொன்னேன், இந்தத் தடவ நல்லா இருக்குங்கய்யான்னு. மறு வருசமே அவங்க பங்க ஏத்திட்டாங்க. அதோட போச்சா? அந்த வருசம் மழையும் பேஞ்சு கெடுத்துச்சு. வாய் வச்சா வெளங்காதுடா."

"சரி, நீ சொல்லவே வேணாம். தலைய மட்டும் ஆட்டு. நான் மல்லியையே புடுங்கியாந்து வைக்கிறேன்."

விசாரணை யூனியன் ஆபீஸ் கூடத்தில் நடந்தது. தை மாதம். எங்களைப் போல வந்தவர்கள் பெஞ்சு பெஞ்சாக இருந்தார்கள். பெரிய அதிகாரி வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். எங்கள் முறை வந்ததும் சிநேகிதன் ஒரு கட்டு மல்லியைக் கொண்டுபோய் மேசை மேல் வைத்தான். பாதி பச்சை, பாதி பழுத்தது, வேரோடு. காகிதங்களின் மேல் கரிசல் மண் உதிர்ந்தது. கூடம் முழுக்க மணம் எழும்பியது. பின் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

அதிகாரி ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்தார். "அருமையா இருக்கே! பெரியவரே, இது ஒங்க நெலத்துல வெளஞ்சதா?"

மாமா தலையை ஆட்டினார். அதோடு நின்றிருக்கலாம். அதிகாரி புகழ்ந்துவிட்டாரே! அத்தனை பேர் முன்னால், அத்தனை கண்கள் பார்க்க, தன் பயிரை இன்னொருத்தர் வாய்விட்டுப் புகழ்ந்தால் மாமாவால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"இதெல்லாம் ஒரு மல்லியாங்க?" என்றார். "பேருக்கு நிக்குது. பாதி பதருங்க. இருக்கறதுல நல்லதாப் பொறுக்கியாந்திருக்கான் பய."

கூடமே சிரித்தது. சிரிப்பை அடக்கத் தெரியாத நானும் சிரித்தேன். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. கொத்தைக் கீழே வைத்துவிட்டு சிநேகிதனைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. அப்பா சொல்றது சரிதானா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்தோம் என்று அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா சொல்றதுதாங்க" என்றான் சிநேகிதன்.

அதிகாரி ஏதோ எழுதினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

மாமா மேசையிலிருந்து மல்லிக் கட்டை அள்ளினார். சிந்திய மண்ணையும் கையால் கூட்டி எடுத்துக்கொண்டார். திரும்பி நடந்து வந்தோம். நான் பேசாமல் நடந்தது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். டவுன் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைந்ததும் மாமா முன்னும் பின்னும் பார்த்தார். நாலு காயை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மூக்குக்குக் கொண்டுபோனார்.

"எண்ணெ நிக்குதுடா இதுல" என்றார், எங்களுக்கே கேட்காத மாதிரி.

படம் மாறவில்லை. அந்தக் கொல்லை கத்தரிப்பூ நிறத்திலேயே முடிவாகி வந்தது. அதற்குப் பிறகு பல போகம் மல்லி எடுத்தார்கள். மாமா ஒவ்வொரு மகசூலுக்கும் குறை சொன்னார். நிறத்தை எல்லோரும் மறந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு லாரி வந்து என் கடையோரமாக நின்றது. ஆட்கள் இறங்கி, சுண்ணாம்பு அடித்த கல்லை மாமா கொல்லையின் மூலைகளில் நட ஆரம்பித்தார்கள். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, கல்லு எடுக்கப் போகிறோம் என்றார்கள். மாமா வீட்டிலிருந்து ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கல் நட்டவர்களில் கால்சட்டை போட்டவரைத் தேடிக் கண்டுபிடித்து முன்னால் போய் நின்றார்.

"நல்லா வெளையுதுங்க" என்றார். "மல்லி நல்லா வெளையுங்க. பருத்தி நல்லா வரும். நீங்க வேற யாரை வேணாலும் கேளுங்க, நல்ல மண்ணுங்க."

அந்த ஆள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "சரிங்க பெரியவரே. அதுக்கும் சேத்துத்தான் கம்பெனில நெலத்துக்கு வெல போட்டுத் தருவாங்க."

"நல்ல மண்ணுங்க" என்றார் மாமா மறுபடியும்.

மாமா பின்னாலேயே ஓடி, கையில் காற்றடிக்கிற பம்போடு வரப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

அன்று சாயங்காலம் சிநேகிதன் கடைக்கு வந்தான். ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, அவனாகவே செயினைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். வேலை எதுவும் இல்லாவிட்டால் அப்படிச் செய்வான். எவ்வளவோ நாளாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அன்னைக்கு அந்தப் பெரிய ஆபீசரு கடைசீல ஒன்னத்தானடா கேட்டாரு. வெளையுதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடா மாப்ள கொறஞ்சிருக்கும்?"

அவன் செயினிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அத்தினி பேரு முன்னால எங்கப்பன் பொய் சொல்றாருன்னு நான் எப்படி மச்சான் சொல்றது?"