வலப்பக்கம் வந்த பிரேக்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் போட்ட அப்பளத்தை எறணாகுளம் பிராட்வே கடைகளுக்குச் சுமந்துபோனது அப்பாவின் பழைய புல்லட். என்னைவிட மூத்த வண்டி. அதில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. எனக்கு ஒன்பது வயதானபோது அப்பாவின் வலது கால் மக்கர் செய்தது. கியர் மாற்ற முன்பாதத்தைத் தூக்க முடியவில்லை. சுளுக்கு என்றார். வண்டி நின்றால் அடுப்பும் நின்றுவிடும் என்பது எனக்குக்கூடத் தெரியும்.

அம்மாவின் தம்பி, மெக்கானிக் மாமா, ஒரு வழி கண்டார். அவருடைய புல்லட் பின்னால் வந்த மாடல், கியர் இடப்பக்கம். இரண்டு வண்டியின் கியர்பாக்ஸையும் கழற்றி மாற்றிப் போட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. பொருந்தாத இடத்தில் தகடு வெட்டி வைத்தார். பிரேக்கை வலப்பக்கம் கொண்டுவரக் குறுக்கே ஒரு தண்டைப் பற்றவைத்தார். தன் நல்ல கியர்பாக்ஸை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் கிழட்டுப் பெட்டியோடு அவர் திணறிக்கொண்டு திரிந்தார்.

“இனி பேடிக்காதீங்க மச்சான், பயமே வேண்டாம். வலது காலைத் தூக்கவே வேண்டாம், அமுக்கினா போதும்.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமாவின் கையில் பற்றவைத்த சூட்டுக் கொப்புளத்தைப் பார்த்தார். “வா, சாயா குடிக்கலாம்,” என்று மட்டும் சொன்னார்.

முதல் நாளே வண்டி நிற்காமல் போய் ஒரு பழக்கடையின் வாழைக்குலையில் முட்டியது. கடைக்காரர் நிதானமாகக் கேட்டார்: “அண்ணா, பழம் வேணும்னா கேட்டா போதாதா? வண்டியோட உள்ள வரணுமா?”

பழைய நினைப்பில் இடது காலை அமுக்கிவிட்டேன் என்றார் அப்பா. எல்லோரும் நம்பினோம்.

“பழக்கம் மாறுற வரைக்கும் இவளைப் பின்னால உக்கார வைங்க. இவ வாய் சும்மா இருக்காது,” என்றாள் அம்மா, என்னைக் காட்டி.

அப்படித்தான் எனக்குப் பள்ளிக்கூடம் விட்டுப்போனது. முதலில் ஒரு மாதம், பிறகு மொத்தமாக. வருத்தமில்லை. ஒவ்வொரு வளைவிலும் அப்பா கேட்பார்: “கால் பிரேக் மேல இருக்கா பாரு.” நான் எட்டிப் பார்த்து, “இருக்குப்பா, அமுக்கு,” என்பேன். எங்களுக்குள் ஒரு விளையாட்டு என்று நினைத்தேன்.

சர்க்கரை நோயில் அந்த வலது கால் மரத்துப் போயிருந்ததை இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். பிரேக்கை அந்தக் காலுக்கே மாற்றிக் கொடுத்த மாமாவிடம் அதை ஒருபோதும் சொல்லக்கூடாது என்று அப்பா எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதற்கெல்லாம் முன்பு ஒருநாள், உச்சிவெயிலில் பிராட்வேயில் இறங்கும்போது அப்பாவுடைய வலது செருப்பைக் காணோம். வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது, அவருக்குத் தெரியவேயில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். கொதிக்கும் தாரில் வெறுங்காலை ஊன்றி, மாற்றி வைக்காமல், நான் சிரித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.