கூலரில் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக்

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுச் சோபாவிலும் ரிமோட்டிலும் வாங்கிய நாள் பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரின் புரொசசர் சூடாகாமலிருக்க வாங்கிய புதுக் கூலரையும், அடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கோடு பூட்டிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் திரை கறுத்தது.

"இஞ்சாருங்கோ, எரியிற மணம் வருது!" என்று மனைவி கத்தினாள்.

பிளக்கைப் பிடுங்கினேன். தம்பியின் அகதி வழக்குக்காக மறுநாள் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கொடுக்கவேண்டிய வாக்குமூலம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருந்தது.

"அண்ணை, என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ?" என்றான் தம்பி.

உருகிய பிளாஸ்டிக்கைச் சுரண்டியெடுத்து, கூலரை மறுபடி பூட்டி, சுவிட்சைப் போட்டேன். திரை ஒளிர்ந்தது. வாக்குமூலம் அப்படியே இருந்தது.

இப்போது எதற்கும் பிரதி வைத்திருக்கிறேன். புதுப்பொருள் வந்தால் உடனே உரிக்கிறேன். தம்பி இன்னும், பிளாஸ்டிக் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று அதன் அடியைத் தடவிப் பார்க்கிறான்.