நான்கு மணிக்குச் செய்னேஷ் கேட்டது

2004ஆம் ஆண்டு தை மாதம், பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடிக்குப் பாலாம்பிகையை மாற்றினார்கள். பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டுவது அவள் வேலை. பன்னிரண்டாவது ஆள் செய்னேஷ் என்ற எண்பத்து நான்கு வயதுக் கிழவி. பக்கவாதம் வந்தபின் அவளுக்குப் பிரெஞ்சு போய்விட்டது. கணவனோடு பேசிய போலிஷும் போய்விட்டது. மிஞ்சியிருந்த பாஷை எது என்று அந்த மாடியில் யாருக்கும் தெரியவில்லை. கோப்பில் டாக்டர் ‘பிதற்றல்’ என்று எழுதியிருந்தார்.

முதல் நாள் பின்னேரம் நான்கு மணி. வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பாலாம்பிகை திரையை மூடக் கையெடுத்தபோது முதுகுக்குப் பின்னால் தெளிவான குரலில் ஒருத்தி “பாலாம்” என்று கூப்பிட்டாள்.

அவள் கை திரையிலேயே நின்றுவிட்டது. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் ‘பாலா’. வீட்டில் கணவர் அருமைராசாவுக்கு ‘இஞ்சேர்’. பாலாம்பி, பாலாம் என்று இழுத்துக் கூப்பிட்டவன் ஒருவன்தான். அவளுடைய அண்ணன் இரவிச்சந்திரன். 1988இல் ஊரில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில் அவனை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பஸ் திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

கிழவி அவளைப் பார்க்கவில்லை. ஹீட்டர் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு சொல் சொன்னாள். பிறகு பதிலுக்குக் காத்திருப்பவள்போலத் தலையைச் சரித்தாள்.

மறுநாளும் நான்கு மணிக்கு அதே மூலை, அதே சொற்கள். பாலாம்பிகை ஊரில் கூட்டுறவுச் சங்கக் காரியாலயத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். காதில் விழுவதை எழுதாமல் அவளால் இருக்க முடியாது. சாப்பாட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதினாள்: ‘பாலாம், சோகிங் கய்டா?’

“அக்கா, அவ சும்மா பினாத்துறா,” என்றாள் கூட வேலை செய்த மன்னார்ப் பெண் றெபேக்கா.

“இல்லையடி. பினாத்துற ஆள் ஒவ்வொரு நாளும் ஒண்டையே கேப்பாவோ? கடைசியிலை குரல் மேலை போகுது, பார். கேள்வி கேக்கிறா.”

ஞாயிற்றுக்கிழமை கிழவியின் மகள் வேரா இல்-பிசாரிலிருந்து காரில் வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். பாலாம்பிகை அட்டையைப் பார்த்து வாசித்துக் காட்டினாள்.

“சோக் என்றால் குளிர்,” என்றாள் வேரா பிரெஞ்சில். “சின்ன வயதில் எனக்குக் கையுறை மாட்டும்போது சொல்வாள். அம்மாவின் பாஷையில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவள் பிறந்தது சைபீரியாவில், அல்தாய் மலைப்பக்கம். அந்தப் பாஷையை எனக்குச் சொல்லித்தரவே இல்லை.”

குளிராக்கும் என்று இன்னொரு கம்பளி போட்டார்கள். கிழவி அதைக் காலால் உதைத்துத் தள்ளினாள். ஹீட்டரைக் கூட்டினார்கள். அவள் முகமெல்லாம் வேர்த்துப்போய், அதே மூலையைப் பார்த்து அதையே கேட்டாள்.

அடுத்த ஞாயிறு வேரா ஒரு மெல்லிய புத்தகத்தோடு வந்தாள். யாரோ உறவினர் எப்போதோ தபாலில் அனுப்பிய அல்தாய் அரிச்சுவடி. ரஷ்ய எழுத்துத்தான், ஆனால் ரஷ்யனில் இல்லாத சில எழுத்துகளும் இருந்தன. கடைசிப் பக்கங்களில் ரஷ்ய மொழியில் விளக்கமும் சொற்பட்டியலும் இருந்தன. வேராவுக்கு ரஷ்யன் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தது ‘பாலாம்’. என் பிள்ளை என்று அர்த்தம். பாலாம்பிகைக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. ‘கய்டா’ என்றால் எங்கே. சொல்லின் கடைசியில் மூக்கால் வந்த ஒலிக்கு ҥ என்று ஒரு தனி எழுத்து, அச்சொட்டாக நம்முடைய ‘ங்’. அது ‘உன்னுடைய’ என்பதன் குறி.

“என் பிள்ளை, உன் குளிர் எங்கே?” வேரா சேர்த்து வாசித்தாள். “அர்த்தமில்லை. டாக்டர் சொன்னது சரிதான் போலிருக்கிறது.”

பாலாம்பிகை விடவில்லை. விளக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அதில் இப்படி இருந்தது: இந்தப் பாஷையில் உயிரொலிகள் இரண்டு கட்சி. ஒரு சொல்லுக்குள் ஒரு கட்சிதான் இருக்கும். о, நம்முடைய ‘ஓ’, வந்தால் பின்னால் தொண்டையில் பிறக்கும் ы வரும். தலையில் இரண்டு புள்ளி வைத்த ӧ வந்தால் பின்னால் и, நம்முடைய ‘இ’ வரும். அந்த ӧவைச் சொல்ல, வாயை ‘ஓ’வுக்குக் குவித்துக்கொண்டு உள்ளே ‘ஏ’ சொல்ல வேண்டும்.

தமிழில் அந்த ஒலிக்கு எழுத்தில்லை. அவள் ‘சோ’ என்றே எழுதியிருந்தாள். ஆனால் அடுத்த எழுத்தை அவள் ‘கி’ என்று எழுதியிருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“கி என்றுதான் சொல்கிறா. அப்படியென்றால் முன்னால் இருப்பது புள்ளி வைத்த எழுத்து. குளிர் இல்லை, வேறு சொல். அதைப் பாருங்கோ.”

வேரா சொற்பட்டியலில் விரலை ஓட்டினாள். விரல் நின்றது. சத்தமில்லாமல் ரஷ்யச் சொல்லை வாசித்தாள். பிறகு பிரெஞ்சில் சொன்னாள்:

“எலும்பு.”

அறைக்குள் கிழவி இருமுவது கேட்டது. மணி நான்காக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

வேரா புத்தகத்தை மூடிவிட்டு, அப்பா சாகும் தறுவாயில் ஒரே ஒரு தடவை சொன்னதைச் சொன்னாள். அவர் போரில் அந்தப் பக்கம் நாடுகடத்தப்பட்ட போலந்துக்காரர். செய்னேஷை அங்கேதான் கட்டினார். வேராவுக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். இரண்டு வயது. 1946 மாசியில் காய்ச்சலில் போய்விட்டான். நிலம் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முடியவில்லை. பனி இளகும் வரைக்கும் என்று, செத்த மற்றவர்களோடு ஒரு விறகுக் கொட்டிலில் வைத்தார்கள். இளகுவதற்கு முன்னமே போலந்துக்காரர்களைத் திருப்பி அனுப்பும் ரயில் வந்துவிட்டது. அதில் ஏறாவிட்டால் இன்னொன்று இல்லை. ஏறினார்கள். பிள்ளையை யார் புதைத்தார்கள், எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்றே தெரியாது.

“அம்மா ஒருநாளும் வாய் திறக்கவில்லை,” என்றாள் வேரா. “அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.”

பாலாம்பிகை தன் கதையைச் சொல்லவில்லை.

மறுநாள் வேரா வரவில்லை. நான்கு மணிக்குச் செய்னேஷ் மூலையைப் பார்த்துக் கேட்டாள். பாலாம்பிகை அரிச்சுவடியில் இரண்டு சொல்லை வேராவிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தாள். கட்டிலுக்கும் மூலைக்கும் நடுவில் போய் நின்றாள்.

“மின்டா, எனே,” என்றாள். இங்கே இருக்கிறது, அம்மா.

கிழவியின் கண் மூலையிலிருந்து மெல்லத் திரும்பி அவள்மேல் நின்றது. அத்தனை நாளில் கிழவி அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையையும் ஏந்தினாள், தா என்பதுபோல. பாலாம்பிகையிடம் கொடுக்க என்ன இருந்தது? தன் வலது கையை அந்தக் கைகளுக்குள் வைத்தாள். கிழவி அதை விரல் விரலாக, கணுக் கணுவாகத் தடவினாள். மணிக்கட்டில் துருத்தி நின்ற எலும்பைப் பெருவிரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வெகுநேரம் கழித்துக் கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மூன்று கிழமையில் போய்ச் சேர்ந்தாள். கல்லறைக் கல்லில் வேரா அம்மாவின் பெயருக்குக் கீழே ‘அவள் மகன்’ என்றும் வெட்டுவித்தாள்.

கேள்வி பாலாம்பிகையிடம் தங்கிவிட்டது. கறி நறுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது காதுக்குள் அந்த ‘ங்’ இழுபடும். அருமைராசா என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். பங்குனியில் ஒரு சனிக்கிழமை, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த தன் மூத்த அக்கா நல்லம்மாவிடம் போனாள். பதினாறு வருஷமாக இரண்டு பேரும் அண்ணனின் பெயரை எடுத்ததில்லை.

“அக்கா, அண்ணையின்ரை எலும்பு எங்கை கிடக்குதோ எண்டு நீ யோசிக்கிறேல்லையோ?”

நல்லம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள்.

“வாயைப் பொத்தடி. நீ சொன்னால் அவன் செத்துப்போவான்.”

“அவன் செத்து…”

“இந்த வீட்டிலை சொல்லாதை. போ.”

பாலாம்பிகை கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, பனிக்குவியல் பக்கத்தில் நின்று அருமைராசாவை வரச்சொன்னாள்.

இரண்டு மாதமாகப் பேச்சில்லை. வைகாசியில் ஒருநாள் நல்லம்மா தானே போன் எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

“எந்த நாளெண்டு ஐயருக்குச் சொல்லுறது?”

அண்ணனின் திதிக்கு நாள் கேட்கிறாள் என்று பாலாம்பிகைக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“பஸ் திரும்பி வந்த நாள், அக்கா.”

நல்லம்மா போனை வைத்துவிட்டாள்.

அந்த நாள் ஐப்பசியில் வந்தது. முருகன் கோவிலுக்குப் பாலாம்பிகையும் அருமைராசாவும் மட்டுமே போனார்கள். நல்லம்மாவின் வீடு அங்கிருந்து ஐந்து நிமிஷம். அவள் வரவில்லை. மோட்ச அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பாலாம்பிகை இரண்டையும் சொன்னாள். சொன்ன குரல் தன்னுடையது மாதிரி அவளுக்கே இருக்கவில்லை.

அவள் இன்றைக்கும் அதே மாடியில்தான் வேலை செய்கிறாள். செய்னேஷின் கட்டிலில் இப்போது இத்தாலியக் கிழவர் ஒருவர். குளிர்காலப் பின்னேரங்களில் அந்த அறைத் திரையை மூடப் போனால், ஹீட்டர் மூலைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்றே மூடுகிறாள்.