வானத்தில் நான் அடைத்த ஓட்டைகள்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், பினிஷிங் பிரிவில் எனக்கு வேலை. உண்ணி கடித்த ஓட்டை, முள் கிழித்த கீறல் எதுவானாலும் பசை தடவி, பக்கத்து நிறத்தையே மேலே அடித்து, வாங்க வருகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுவேன். அந்தத் திறமையை என் மகளின் வானத்திலும் காட்டித் தொலைத்தேன்.

அவள் வேலூரில் இயற்பியல் முதுகலை கடைசி ஆண்டு. அன்று பத்து மணிக்கு ப்ராஜெக்ட் தேர்வு. சுவரில் மாட்ட வேண்டிய பெரிய வானப் படத்தை லாங் பஜார் பிரிண்ட் கடையிலிருந்து வாங்கி வருவது என் பொறுப்பு. விரித்துப் பார்த்தேன். நீலமும் ஆரஞ்சுமாக, பொடிப்பொடியாய், நல்ல ஆட்டுத்தோல் மாதிரி இருந்தது. ஆனால் நடுநடுவே வட்ட வட்டமாக வெள்ளை.

"இன்னா பாய், மிஷின் கலர் துப்பலையா?"

"ஃபைல்லயே அப்டித்தான் சார் இருக்குது."

"பொண்ணு தெரியாம அனுப்பிடுச்சு. பக்கத்து கலரையே எடுத்து அடைச்சிடுங்க."

கடைக்காரர் கம்ப்யூட்டரில் அடைத்து, புதிதாக அச்சடித்துக் கொடுத்தார். பெருமையோடு ஆட்டோ ஏறினேன்.

கல்லூரி வராந்தாவில் மகள் படத்தை விரித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஓட்டையெல்லாம் எங்கப்பா?"

"அடைச்சுட்டேன்ல!"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகப் பேசினாள்.

"ப்பா, இது பிரபஞ்சம் பொறந்த சூட்டோட மிச்ச வெளிச்சம். வானம் பூரா இருக்கு. அதுக்கும் நமக்கும் நடுவுல ரேடியோ கேலக்ஸிங்க, அதாவது நட்சத்திரக் கூட்டங்க, நிக்குது. ஒவ்வொண்ணோட மையத்துல இருக்கிற கருந்துளைகிட்டேர்ந்து ரேடியோ அலையைப் பீச்சி அடிக்கும். படத்துல பளிச்னு புள்ளியா விழும். அதையும் பழைய வெளிச்சம்னு சேத்துக்கிட்டா கணக்கே பொய்யாயிடும். அலைவரிசைய மாத்தி மாத்திப் பாத்து, எது மங்குதோ அது கேலக்ஸின்னு கண்டுபிடிச்சு வெட்டி எடுத்தேன். என் ஒரு வருஷ வேலையே அந்த ஓட்டைங்கதாம்பா."

ஒரு வருஷத்தை நான் இருபது நிமிடத்தில் அடைத்திருந்தேன். ஓடிவிடலாமா என்று படிக்கட்டைப் பார்த்தேன். பொறுப்பான தகப்பன் என்பதால் அல்ல, ஆட்டோவை அனுப்பிவிட்டதால் நின்றேன்.

"மொத ஆளே நான்தான். லேப்டாப்ப உள்ள ப்ரொஜெக்டர்ல மாட்டிட்டாங்க. ஃபைலப் பாத்து ஓட்டைய வரையவும் முடியாது."

என் சட்டைப்பையில் தோலின் குறைகளுக்கு வட்டம் போடும் சில்வர் பேனா இருந்தது. ஒருமுறை பார்த்த தோலின் ஓட்டைகள் எனக்கு மறக்காது. வண்டிச்சாவி வைத்த இடம்தான் மறக்கும்.

"அஞ்சு நிமிஷம் டைம் கேட்டு வா. ஓட்டை இருந்த எடத்துல நான் வட்டம் போட்டுத் தர்றேன்."

அவள் உள்ளே போனாள். படத்தின் முன் மண்டியிட்டேன். முதல் வட்டம் கத்தரிக்காய் ஆனது. ஒவ்வொன்றாக ஞாபகத்திலிருந்து பிடுங்கிப் போட்டேன். கடைசியில் வலது ஓரத்தில் ஒரு சந்தேகம். அங்கே ஒன்று இருந்ததா, இல்லையா? விட்டுவிட்டால் மகளின் வானத்தில் ஒரு பொய் தங்கிவிடும். போட்டேன். அவள் வந்து, எண்ணிப் பார்க்க நேரமில்லாமல், படத்தை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

கடைசி வரிசையில் போய் ஒடுங்கினேன். தேர்வாளர் திரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஓரத்துல அந்த ஒண்ணு மட்டும் உங்க ஃபைல்ல இல்லையே?"

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன்.

"பிரிண்ட் போடறப்போ எங்கப்பா ஓட்டைய அடைச்சுட்டாரு சார். அப்புறம் ஞாபகத்துலேர்ந்து அவரே வட்டம் போட்டாரு. அந்த ஒண்ணு பயத்துல ஜாஸ்தியா போட்டது."

"ஜாஸ்தியா வெட்டினா என்ன ஆகும்?"

"கொஞ்சம் பழைய வெளிச்சம் வீணாகும் சார். கம்மியா வெட்டினாதான் ஆபத்து."

தேர்வாளர் ஏதோ எழுதிக்கொண்டு, "மேல சொல்லும்மா" என்றார். நான் பேனாவுக்கு மூடி போட்டேன். மூன்றாவது முறைதான் அது உட்கார்ந்தது.