மூன்றரையின் வர்க்கம்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான். பொதுத்தேர்வுக்கு முந்தைய நாள் மாலை, துடியலூரில் எங்கள் பள்ளியில் கடைசித் திருப்புதல் வகுப்பு. ஆரம் மூன்றரை, உயரம் பன்னிரண்டு உள்ள கூம்பின் கன அளவைக் காண வேண்டும். மூன்றின் வர்க்கம் ஒன்பது, அரையின் வர்க்கம் கால் என்று தனித்தனியே போட்டு, அவசரத்தில் மூன்றரையின் வர்க்கம் ஒன்பதேகால் என்று பலகையில் எழுதிவிட்டேன். 154 என்று சரியாகப் போட்டிருந்த சுகன்யாவின் விடையைச் சிவப்பு மையால் அடித்தும் வைத்தேன்.

உக்கடம் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டேகால் அல்லவா வர வேண்டும்! இறங்குவதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுத் திருத்தச் சொன்னேன். சுகன்யாவின் அப்பா போன் மட்டும் சுவிட்ச் ஆஃப். எத்தனை முறை அடித்தேன் என்று கணக்கில்லை.

காலையில் தேர்வுக்கு வந்தவளை வாசலிலேயே மறித்தேன்.

"கண்ணு, நேத்து நான் போட்டது தப்பு. உன்ற விடைதான் சரி."

"தெரியுமுங்க மிஸ். நீங்க எழுதறப்பவே தெரியுமுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிங்க மிஸ் சொல்றது? நீங்க டீச்சருங்களே."

மணி அடித்தது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட எதிர்த்துப் பேசாது என்று பதினோரு வருடமாகப் பெருமையடித்திருக்கிறேன். அத்தனை வருடத்தில் எத்தனை சரியான விடைகளைச் சிவப்பு மையால் அடித்தேனோ!